சங்கு ஊதும் நேரமும் பால்வாடி மூடும் நேரமும்

(எர்ணாவூரில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த ஊரைச் சுற்றி நாலா பக்கமும் வேலை நடக்கிறது. கூப்பிடு தூரத்தில் அசோக் லேலண்ட். தெற்கே திருவொற்றியூரில் டயர் ஆலை, மேற்கே மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் ரசாயன ஆலைகளும், வடக்கே அனல்மின் நிலையமும் காமராஜர் துறைமுகமும். காசிமேட்டில் விடியுமுன்பே மீன் ஏலம் தொடங்கிவிடுகிறது. இத்தனையும் ஓயாமல் நடப்பதற்காக நாளை மூன்றாக வெட்டி வைத்திருக்கிறார்கள்: காலை 6 மணிக்கு ஒரு ஷிஃப்ட், பிற்பகல் 2 மணிக்கு ஒன்று, இரவு 10 மணிக்கு ஒன்று. ஆலைக்கு ஆலை அரைமணி முன்பின் இருக்கலாம், வெட்டு இதுதான். இந்தப் பங்கீட்டைச் செய்தவர்கள் இயந்திரத்தை நினைத்தார்கள், மின்சாரத்தை நினைத்தார்கள், கப்பல் வந்து சேரும் நேரத்தை நினைத்தார்கள். தொழிலாளி வீட்டில் ஒன்றரை வயதுப் பிள்ளை இருக்கும் என்பதை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு சம்பாதிக்கவும் போகிற தாய் தகப்பன்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு உடனே தாயின் சாமர்த்தியத்துக்குப் போய்விடுகிறது. முன்னதாகவே எழுந்திருக்க வேண்டும், திட்டமிட வேண்டும், பொறுமை வேண்டும் என்று அவளுக்கு அறிவுரைகள் குவிகின்றன. இன்று நான் முன்வைக்கும் வாதம் வேறு. இது அவளுடைய திறமையைச் சோதிக்கும் விஷயமே அல்ல. வேலைத்தலத்தின் நேரமும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொது இடத்தின் நேரமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பொருத்திக் கொடுப்பது வீட்டின் பொறுப்பல்ல, ஊரின் பொறுப்பு, அரசின் பொறுப்பு. அதற்கான செலவு வேலை தருவோர் எல்லோரிடமிருந்தும் பொதுவாகத் திரட்டப்பட வேண்டும்.

காலை 6 மணி ஷிஃப்டுக்குப் போகிறவர் 5 மணிக்கெல்லாம் வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். அந்த நேரத்தில் எந்தப் பால்வாடியும் திறந்திருக்காது. 2 மணி ஷிஃப்டுக்குப் போனால் திரும்ப இரவு 11 மணி ஆகும். பால்வாடி பிற்பகலிலேயே மூடிவிடுகிறது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் பகலில் உறங்க வேண்டும். ஒரே அறையுள்ள வீட்டில் தவழும் குழந்தையை வைத்துக்கொண்டு உறங்குவது எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. இந்த வாரம் செய்த ஏற்பாடு அடுத்த வாரத்துக்கு உதவாது. கணவன் கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தால், ஓ.டி. பார்க்கச் சொல்லும்போது மறுக்க முடியாது. மனைவி மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ துப்புரவு வேலைக்குப் போகிறவராக இருந்தால், அரைமணி தாமதத்துக்கு அரைநாள் சம்பளம் போகும். வழியில் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது பெரிய உதவிதான். மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்தும் அதே ஆண்டு வந்தது. ஆனால் இரண்டும் தாயை வேலைத்தலத்துக்குக் கொண்டுசேர்க்கும். குழந்தையை எங்கே விடுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இந்தச் சுமை யார் தலையில் விழுகிறது என்பதற்கு ஊகம் தேவையில்லை. மத்தியப் புள்ளியியல் துறை நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வு இருக்கிறது. 2019-இல், சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். 2024-இல் மறுபடி கேட்டபோது பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. பெண்ணின் சுமை பத்து நிமிடம் குறைந்திருக்கிறதே என்று மகிழலாம். ஆனால் ஆணின் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. ஆண்கள் கைகொடுத்ததால் வந்த குறைவு அல்ல அது. குழந்தையையும் முதியவரையும் பராமரிக்கும் நேரம் இதற்கு மேல் தனிக் கணக்கு: 2024-இல் பெண்ணுக்கு 137 நிமிடம், ஆணுக்கு 75. ஐந்தாண்டுக்கு முன் 134, 76. ஒரு நிமிடம் இங்கே, மூன்று நிமிடம் அங்கே. மனம் மாற வேண்டும், ஆண்கள் உணர வேண்டும் என்று மேடைகளில் பேசிப் பார்த்தாயிற்று. அதை நானும் விரும்புகிறேன். ஆனால் இந்த வேகத்தில் மனம் மாறிக் கணக்கு நேராவதற்குள் இன்று பிறந்த குழந்தைகள் தாத்தா பாட்டி ஆகிவிடுவார்கள்.

சட்டம் என்ன செய்திருக்கிறது என்று பார்ப்போம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48-ஆவது பிரிவு, ஐம்பதுக்கு (பின்னர் முப்பதுக்கு) மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே இப்படி எழுதியவர்களை மெச்ச வேண்டும். 2017-இல் மகப்பேறு உதவிச் சட்டத்தைத் திருத்தி, சம்பளத்தோடு கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கினார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் ஆண் பெண் கணக்கின்றிக் காப்பகம் வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் சேர்த்தார்கள். நோக்கத்தில் குறையில்லை. அடித்தளத்தில்தான் கோளாறு. காப்பகத்தை வேலைத்தலத்தோடும், அதைக் கேட்கும் உரிமையைத் தாயோடும், செலவை அவளுடைய முதலாளியோடும் கட்டிப்போட்டார்கள். இதனால், பெண்ணை வேலைக்கு எடுத்தால் செலவு என்ற எண்ணம் முதலாளிக்கு வருகிறது. முப்பதுக்கு மேல் என்றபோது இருபத்தெட்டோடு நிறுத்தத் தோன்றியது. ஐம்பது என்றால் கான்ட்ராக்டர் பெயரில் பிரித்து எழுதத் தோன்றுகிறது. லேத் பட்டறையில், கடையில், வீட்டு வேலையில், மீன் கூடையோடு தெருவில் இருக்கும் பெண்களைச் சட்டம் எட்டிப் பார்ப்பதே இல்லை. தகப்பனுக்கோ அந்தச் சட்டத்தில் இடமே கிடையாது. இந்தப் பகுதியின் பெரிய ஆலைகளில் பெரும்பாலும் ஆண்கள்தான். அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பது அந்த ஆலைக் கதவுக்குள் யாருக்கும் தெரிய வேண்டிய செய்தியாக இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இந்த மண்ணுக்கே உரியது. ஆலைக்குள் காப்பகம் என்பது பஞ்சாலைக்கோ தேயிலைத் தோட்டத்துக்கோ பொருந்தலாம். ரசாயன ஆலைக்கும் அனல்மின் நிலையத்துக்கும் கன்டெய்னர் முனையத்துக்கும் கைக்குழந்தையை யார் எடுத்துப் போவார்கள்? 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மக்கள் மூச்சுமுட்டிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதே மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் கொசஸ்தலை முகத்துவாரத்தில் பரவியது. குழந்தை இருக்கும் இடம் ஆலையிலிருந்து தள்ளியும், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்திலும் இருக்க வேண்டும். அப்படி ஓர் இடம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. அதுதான் பால்வாடி, அரசு வழக்கில் அங்கன்வாடி.

ஆரம்பப் பள்ளிக்கு முந்திய வயதுக் குழந்தைகளைப் பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்கு மீனா சுவாமிநாதன் தலைமை தாங்கி, 1972-இல் அறிக்கை கொடுத்தார். அந்தச் சிந்தனையின் வழியில் வந்ததுதான் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம். 1980-இல் தமிழ்நாடு தனக்கென ஓர் ஊட்டச்சத்துத் திட்டத்தைத் தொடங்கியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். இன்று மாநிலத்தில் 54,000-க்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. சூடான சாப்பாடு, முட்டை, எடை பார்ப்பது, தடுப்பூசி, பாட்டு, விளையாட்டு எல்லாம் ஒரே கூரையின் கீழ். இந்தியாவில் இதை இத்தனை ஒழுங்காக நடத்தும் மாநிலங்கள் குறைவு. பெருமைப்பட வேண்டிய விஷயம் என்று நான் மனமார நம்புகிறேன். ஆனால் இது பசியைப் போக்கக் கட்டிய நிறுவனம். தாய் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறாள் என்று கேட்டுக் கட்டியது அல்ல. இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு அங்கே சத்துமாவுப் பொட்டலம் உண்டு, உட்கார இடமில்லை.

இங்கேதான் கணக்கைக் கூட்டிப் பார்க்க வேண்டும். விடுப்புச் சட்டம் 26 வாரத்தில், அதாவது குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது, கையை விடுகிறது. பால்வாடி இரண்டு வயதில் கையைப் பிடிக்கிறது. இடையில் பதினெட்டு மாதம். தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்கும் மாதங்கள், தவழ்ந்து, நடந்து, வாயில் எதையும் போட்டுப் பார்க்கும் மாதங்கள், ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்க முடியாத மாதங்கள் எல்லாம் அதற்குள் வருகின்றன. மாநில அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாத விடுப்பு உண்டு. அவருக்கு இடைவெளி ஓராண்டு. வீட்டு வேலை செய்கிறவருக்கும் மீன் விற்கிறவருக்கும் விடுப்பே கிடையாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி உண்டு, அதோடு சரி. பெண்கள் வேலையை விடுவது இந்த இடைவெளியில்தான். விட்ட பிறகு அதே வேலைக்குத் திரும்புவது அரிது. திரும்பினாலும் கான்ட்ராக்டாக, குறைந்த கூலிக்கு. நாட்டின் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். உண்மைதான். அவர்களில் பெரும்பகுதியினர் கல்யாணத்துக்கு முந்திய வயதினராகவே இருந்தால் அந்தப் பெருமை எத்தனை நாள் தாங்கும்?

ஆகவே நான் கேட்பது இது. இந்தத் தொழில் பகுதியில் சில பால்வாடிகளையாவது காலை 5 மணிக்குத் திறந்து இரவு 11 மணி வரை நடத்த வேண்டும். ஆறு மாதக் குழந்தை முதல் சேர்க்க வேண்டும். ஆட்கள் இரண்டு அணிகளாக வேலை செய்ய வேண்டும். தாய் வேலைக்குப் போகிறாளா, தகப்பன் தனியாக வளர்க்கிறானா, நிரந்தரமா, கான்ட்ராக்டா என்ற கேள்விக்கெல்லாம் இடம் இருக்கக் கூடாது. மத்திய அரசின் பால்னா திட்டம் அங்கன்வாடியோடு காப்பகத்தைச் சேர்க்கிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை, மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம். நாடு முழுவதற்குமான இலக்கு 17,000 மையங்கள். திசை சரி. ஆனால் எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு ஏழரை மணி நேரக் காப்பகம் என்று வகுத்தவர்கள், போய்வரும் நேரத்தை விட்டுவிட்டார்கள்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். நியாயமான கேள்வி. நம் கையிலேயே முன்மாதிரி இருக்கிறது: இ.எஸ்.ஐ. 1952-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இன்று முதலாளி சம்பளத்தில் 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டுகிறார்கள். எல்லோரிடமும் திரட்டிப் பொதுவில் போடுவதால், ஒரு தொழிலாளி நோயில் விழுந்தாலோ பிள்ளை பெற்றாலோ அந்தச் செலவு அவருடைய முதலாளி ஒருவர் தலையில் விழுவதில்லை. பெண்ணை எடுத்தாலும் ஆணை எடுத்தாலும் முதலாளிக்குக் கட்டணம் ஒன்றுதான். மகப்பேற்றுச் செலவைத் தனித்தனி முதலாளி மேல் ஏற்றக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்வதும் இந்தக் காரணத்தால்தான். காப்பகத்துக்கும் இதே வழி பொருந்தும். 2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது. நிறுவனம் தானே காப்பகம் நடத்தாமல், அரசோ மாநகராட்சியோ நடத்தும் பொதுக் காப்பகத்தைப் பயன்படுத்தலாம், பல நிறுவனங்கள் சேர்ந்தும் நடத்தலாம் என்கிறது அது. அப்படியானால் இந்தப் பகுதியின் ஆலைகளும் துறைமுகங்களும் தங்கள் பங்கை ஒரே நிதியில் கட்டி, பால்வாடிகளை நீட்டிப்பதற்குச் சட்டத்தில் தடையில்லை. ஆணையே வேலைக்கு வைத்திருக்கும் ஆலையும் கட்ட வேண்டும். அந்த ஆணின் உழைப்பு அவன் குழந்தையை யாரோ பார்த்துக்கொள்வதால்தான் ஆலைக்குக் கிடைக்கிறது.

வீட்டில் பாட்டி இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வியில் ஒரு நல்ல உணர்வு இருக்கிறது, அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் இங்கே பாட்டி என்பவர் பெரும்பாலும் ஐம்பது வயதுக்காரி. அவரே கூடை சுமக்கிறார், வீட்டு வேலைக்குப் போகிறார். அவர் குழந்தையைப் பார்க்க உட்கார்ந்தால் குடும்பத்தில் ஒரு வருமானம் நிற்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரைக் குப்பங்களிலிருந்து எர்ணாவூர்ச் சுனாமி குடியிருப்புக்கு வந்த குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். குப்பத்தில் அத்தை வீடும் சித்தி வீடும் அடுத்தடுத்து இருந்தன, பிள்ளை எந்த வாசலிலும் விளையாடும். வீடு கிடைத்த வரிசைப்படி அடுக்குமாடியில் குடியேறியபோது அந்த வலை அறுந்தது. தென்மாவட்டத்திலிருந்தும் வடமாநிலத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்களுக்கு அது முதலிலேயே இல்லை. பாட்டி இல்லாத வீட்டில் பாட்டி வேலையைச் செய்வது பத்து வயது அக்கா. அவளுடைய பள்ளிக்கூடம்தான் அதற்கு விலை.

கைக்குழந்தையைத் தாய் பார்ப்பதே நல்லது, காப்பகம் குழந்தைக்குக் கேடு என்றும் சொல்லப்படுகிறது. கனடாவின் கியூபெக் மாகாணம் 1997-இல் நாளுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் காப்பகம் கொடுக்கத் தொடங்கியது. தாய்மார் வேலைக்குப் போவது நன்றாகவே உயர்ந்தது. அதே சமயம், காப்பகத்துக்குப் போன குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதாகப் பொருளியல் அறிஞர்கள் மூவர் எழுதினார்கள். அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. இடங்களை அவசரமாகப் பெருக்கியதில் பல மையங்களின் தரம் தாழ்ந்திருந்தது. எனவே எத்தனை கைகள் எத்தனை குழந்தைகளைப் பார்க்கின்றன என்பதே எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதிக்கு முன்பருவக் கல்விக்கென அரைநேர ஊழியர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டு ஆராய்ந்தார்கள் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சகாக்களும். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. பிள்ளைகள் எண்ணிலும் மொழியிலும் முன்னேறினார்கள். பழைய டீச்சருக்கு ஊட்டச்சத்து வேலைக்கு நேரம் கிடைத்ததால் வளர்ச்சி குன்றலும் குறைந்தது. செலவைவிடப் பலன் பல மடங்கு என்பது அவர்கள் கணக்கு. அரைநேர ஆள் ஒருவரால் இவ்வளவு நடக்கும் என்றால், இரண்டு முழு அணிகளால் என்ன நடக்காது?

இதே சான்று வேறொரு பக்கத்தையும் காட்டுகிறது. பால்வாடி டீச்சரும் ஆயாவும் இப்போதே பதிவேடுகளாலும் கணக்கெடுப்புகளாலும் மூச்சுத் திணறுகிறார்கள். அவர்களும் தாய்மார்கள்தான். மத்தியத் திட்டப்படியான 4,500 ரூபாய் மதிப்பூதியம் 2018-இல் நிர்ணயித்தது. மாநிலம் மேலே சேர்த்துக் கொடுக்கிறது என்றாலும், ஊழியர் என்ற தகுதி இன்னும் இழுபறியில் இருக்கிறது. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது. இருக்கிற டீச்சரையே இரவு வரை உட்காரவைத்து மையத்தை நீட்டித்துவிட்டோம் என்று அறிக்கை விடுவதானால், இந்தத் திட்டமே வேண்டாம் என்பேன். ஒரு தாயின் நேரத்தை மற்றொரு தாயிடமிருந்து பறித்துக் கொடுப்பது தீர்வாகாது. புதிய பணியிடங்கள், முறையான ஊதியம், இரவில் வீடு திரும்ப வாகனம் ஆகியவற்றோடு சேர்த்துத்தான் செலவுக் கணக்கைப் போட வேண்டும்.

காப்பகத்துக்குப் பதில் பணமாகக் கொடுத்துவிடலாமே என்ற யோசனையும் உண்டு. 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை போகிறது. வீட்டு உழைப்புக்கு அரசு கொடுத்த மரியாதை அது, நான் அதை வரவேற்கிறேன். ஆனால் விற்கப்படாத பொருளைப் பணத்தால் வாங்க முடியாது. விடிகாலை ஐந்து மணிக்கு ஒன்றரை வயதுக் குழந்தையை நம்பி விட எர்ணாவூரில் இடமே இல்லாதபோது, ஆயிரம் ரூபாய் மருந்துக்கும் அரிசிக்கும் உதவும், இதற்கு உதவாது.

கடைசியாகத் தகப்பன்கள். காப்பகம் வந்துவிட்டால் ஆண்கள் இன்னும் ஒதுங்கிக்கொள்வார்கள் என்று பெண்கள் தரப்பிலேயே ஒரு கவலை இருக்கிறது. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். அதனால்தான் வேலை நேரத்தைத் தொடாத எந்தத் தீர்வும் அரைத் தீர்வு என்கிறேன். 2023 ஏப்ரல் 21-இல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அன்று எதிர்ப்பு முழுவதும் உழைப்புச் சுரண்டல் என்ற கோணத்தில் எழுந்தது, சரியாகவே எழுந்தது. பன்னிரண்டு மணி நேரமும் போய்வர இரண்டு மணி நேரமும் வெளியே இருக்கும் தகப்பன் தன் குழந்தையைத் தூங்கும் முகமாக மட்டுமே பார்ப்பான் என்ற கோணமும் அதே அளவு வலுவானது. மத்திய அரசு ஊழியருக்கு மனைவியின் பிரசவத்துக்கு 15 நாள் விடுப்பு உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு அப்படி ஒரு சட்ட உரிமை கிடையாது. சங்கங்கள் ஊதிய ஒப்பந்தம் பேசும் மேசையில் போனஸுக்குப் பக்கத்தில் மூன்று கோரிக்கைகளை வைக்கலாம்: தகப்பனுக்குச் சம்பளத்தோடு விடுப்பு, இரண்டு வயதுக்குக் கீழ் குழந்தை உள்ளவருக்கு விரும்பினால் நிலையான ஷிஃப்ட், ஓ.டி.யை மறுத்தால் தண்டனை இல்லை என்ற உறுதி. மூன்றுக்கும் அரசாணை தேவையில்லை. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இவை பொருந்த வேண்டும் என்று சேர்த்து எழுதினால், இந்தப் பகுதியின் பெரும்பான்மைத் தகப்பன்களை அது எட்டும்.

மாநகராட்சியிடம் கேட்க வேண்டியதற்கும் வழி இருக்கிறது. திருவொற்றியூர் மண்டலத்தின் வார்டுகளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் மனுக்கள் வருகின்றன. அடுத்த கூட்டத்துக்கு உங்கள் தெருவில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை, அவர்களுடைய தாய் தகப்பன் வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரம், திரும்பும் நேரம் என்ன என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எந்தெந்த மையத்தை, எந்த மணியிலிருந்து எந்த மணி வரை திறந்து வைக்க வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.